இலவச போனின் 36வது மாதம்

போன மாதம் ஒரு செவிலியர் என்னைப் பார்க்க வந்திருந்தார். பதினான்கு மாத பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, கிளிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேலே இருந்த பில்லில் இரண்டு வரிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம். முதல் வரி, ‘போன் தவணை 14/36: 25.00’. அதற்குக் கீழேயே, ‘சலுகை வரவு: –25.00’.

“ஃப்ரீன்னு சொல்லித்தானே மேடம் கொடுத்தாங்க? மாசாமாசம் இந்த ரெண்டும் கழிஞ்சு பூஜ்யமாத்தானே வந்தது? இப்போ கனெக்‌ஷனை மாத்தப் போறேன்னதும் 550 கட்டுங்கறாங்களே, எதுக்கு?”

புதிதாகக் குடிபோன வீட்டில் அவருக்குச் சிக்னல் எடுக்கவில்லை. வைஃபை வழியாகப் பேசிப் பார்த்தார், பாதியில் அறுந்துபோகிறது. இரவில் மருத்துவமனையிலிருந்து அழைத்தால் எடுத்தாக வேண்டிய வேலை அவருடையது. அதனால்தான் நிறுவனத்தை மாற்றப் பார்த்திருக்கிறார்.

நான் ஒரு செல்போன் சேவை நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவள். அதற்கப்புறம் ஆறு வருடமாக நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லும் வேலை. இந்த இரண்டு வரிகளோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். போடுவதற்கு முன்னால் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கணக்குக்காக நான் சொல்லும் எண்களுக்கு முன்னால் எந்த நாட்டுப் பணத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

அவருடைய போன் இலவசம் இல்லை. அதன் விலை 900. அதை அவர் 36 மாதக் கடனாக வாங்கியிருக்கிறார். கடன் ஒரு ஏற்பாடு, சலுகை இன்னொரு ஏற்பாடு. பில்லில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வருவதால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் கடன் கடைசி வரை நிற்கும். சலுகையோ அவர் அதே நிறுவனத்தில், அதே பெரிய பிளானில் இருக்கிற மாதம் வரைக்கும்தான். வெளியே வந்த அன்றைக்குச் சலுகை நின்றுவிடும், மீதி 22 தவணையை ஒரேயடியாகக் கேட்பார்கள். 22 × 25 = 550. பில் போட்டதில் பிழை எதுவும் இல்லை. பிழை விற்ற இடத்தில் நடந்திருக்கிறது. தள்ளுபடியும் மாத வரவும் ஒன்றுதான் என்று அவரை நினைக்க விட்டிருக்கிறார்கள். தள்ளுபடி என்றால் வாங்கும் அன்றே விலை குறைய வேண்டும். மாத வரவு நீங்கள் அங்கேயே இருந்தால்தான் வரும்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். உங்கள் போனை இன்றைக்கே வாங்கிக்கொள்வார்கள். அதன் மதிப்பைப் பல இடங்களில் 24 அல்லது 36 துண்டாக்கி மாதாமாதம் வரவு வைப்பார்கள். பாதியில் வெளியேறினால் கொடுத்த போனும் போச்சு, வர வேண்டிய மீதியும் போச்சு.

கடையில் போனுக்குச் சொல்லும் விலையைக் குறைத்து, பிளானில் ஏற்றிக்கொள்வது புதிய பழக்கம் இல்லை. முதல் ஐபோன் 2007இல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு வந்தபோது 8 ஜிபி மாடலின் விலை 599 டாலர், அதே வருடம் செப்டம்பரில் 399 டாலராகக் குறைந்தது. 2008இல் வந்த ஐபோன் 3ஜி, இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலர். பாதி விலை என்றுதான் விளம்பரம் செய்தார்கள். போனின் விலையில் 200 டாலர் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் முதல் ஐபோனுக்கு மாதம் 20 டாலராக இருந்த டேட்டா கட்டணம் 3ஜி மாடலுக்கு 30 டாலர் ஆனது. மாதம் 10 வீதம் 24 மாதத்துக்கு 240 டாலர். முன்பு அந்த 20 டாலருக்குள்ளேயே கிடைத்த 200 எஸ்எம்எஸ்ஸுக்கும் தனியாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஆக, பாதி விலை போனை வாங்கியவர் இரண்டு வருட முடிவில் முழு விலைக்கு வாங்கியவரைவிட அதிகம் கொடுத்திருப்பார். 2013இல் டி-மொபைல் என்ற செல்போன் நிறுவனம் அங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தையே எடுத்துவிட்டு, போன் விலையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டத் தொடங்கியது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னால் வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் கட்டிவைக்கிற வேலையை ஒப்பந்தத்துக்குப் பதிலாகத் தவணையும் மாத வரவும் செய்ய ஆரம்பித்தன, 24 மாதம் என்பதும் பல இடங்களில் 36 ஆனது.

அதனால் போன் என்ன விலை, மாதம் எவ்வளவு என்ற இரண்டு கேள்வியும் எனக்குப் போதாது. ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரைக்கும் என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்? இதைத்தான் கேட்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு. இலவச போனோடு மாதம் 55 பிளான், 36 மாதம்: மொத்தம் 1,980. அதே போனை வெளியே 700க்கு முழுப் பணம் கொடுத்து வாங்கி, மாதம் 25க்கு சிம் மட்டும் எடுத்தால் 700 + 900 = 1,600. முதல் வழியில் 380 கூடுதல். அதற்காக ஒப்பந்தம் என்றாலே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த பிளான் 55 இல்லாமல் 40 ஆக இருந்தால் மொத்தம் 1,440தான், அப்போது ஒப்பந்தமே லாபம். வட்டியில்லாத் தவணையாக இருந்து, மூன்று வருடமும் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக எடுக்கலாம். காகிதத்தில் பெருக்கிப் பார்க்காமல் இரண்டில் எது மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது, நான் உட்பட.

பெருக்கும்போது தொடக்கக் கட்டணம், போன் இன்ஷூரன்ஸ், முதல் மூன்று மாதம் மட்டும் இலவசமாக வரும் கூடுதல் சேவைகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் தொகை சிறியதாகத் தெரியும். 36ஆல் பெருக்கி, போன் உடைந்தால் நீங்கள் கட்ட வேண்டிய பங்கையும் கூட்டி, திரை மாற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுவில் கட்டணம் ஏறுமா என்பதும் இந்தக் கணக்கில் சேரும். பிரிட்டனில் பல ஒப்பந்தங்களில் ஒவ்வொரு வருடமும் பணவீக்க விகிதத்தோடு 3.9 சதவீதம் சேர்த்துக் கட்டணம் ஏறும் என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடுகிறவருக்கு அடுத்த வருடப் பணவீக்கம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? 2025 ஜனவரி 17 முதல் போடும் புது ஒப்பந்தங்களில் இப்படிச் சதவீதமாகச் சொல்ல அங்கே தடை. எந்தத் தேதியில் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் அமைப்பின் விதி. உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும், அதே கேள்வியை நீங்கள் கேட்கலாம், பதிலை எழுத்தில் வாங்கலாம்.

இனி, ஒப்பந்தம் முடிந்த மறுநாள். என்னை அதிகம் வருத்துவது இதுதான், ஏனென்றால் இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பாவின் போன் ஒரு 24 மாத ஒப்பந்தத்தில் வாங்கியது. போனுக்கும் சேவைக்கும் சேர்த்து ஒரே தொகை. 24வது மாதத்தோடு போனின் விலை கட்டி முடிந்துவிட்டது. பில் மட்டும் குறையவே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் போய்க்கொண்டிருந்ததால் அப்பாவும் பார்க்கவில்லை. நான் கவனித்தது 35வது மாதத்தில். அதே சேவைக்கு சிம் மட்டும் எடுத்திருந்தால் மாதம் 18 குறைந்திருக்கும். பதினோரு மாதத்தில் 198. நிறுவனத்தைக் கேட்டதற்கு, வாடிக்கையாளர் சொன்னால்தான் பிளானை மாற்றுவோம் என்றார்கள். அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பழைய பில்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எப்படி நடக்கிறது என்று பில்லிங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். தவணை தனி வரியாக இருந்தால் கணினி எண்ணிக்கொண்டே வந்து கடைசித் தவணையோடு அந்த வரியை மூடிவிடும். போனும் சேவையும் ஒரே பிளான் குறியீட்டில் இருந்தால், போன் எவ்வளவு, சேவை எவ்வளவு என்ற பிரிவே அங்கு இல்லை. யாராவது கையால் மாற்றும் வரை அது அப்படியே ஓடும். பிரிட்டனில் மக்களுக்கு இலவச ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2018இல் போட்டி ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒரு பெரிய புகார் கொடுத்தது. நீண்ட நாள் வாடிக்கையாளர்கள் அதிகம் கட்ட நேர்வதாக அதில் சொன்ன ஐந்து துறைகளில் மொபைல் ஒப்பந்தமும் ஒன்று. 2020 பிப்ரவரியிலிருந்து ஒப்பந்தம் முடியப் போவதை அங்கே நிறுவனங்களே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். கனடாவில் 2013 டிசம்பரில் வந்த வயர்லெஸ் விதிகளின்படி 24 மாதத்துக்குப் பிறகு வெளியேற அபராதம் கிடையாது. ஜப்பானில் 2019 அக்டோபரிலிருந்து போன் விலையையும் சேவைக் கட்டணத்தையும் பிரித்தே விற்க வேண்டும். விதி எதுவாக இருந்தாலும், கையெழுத்துப் போட்ட அன்றே ஒப்பந்தம் முடியும் தேதியைப் போனின் காலண்டரில் போட்டு, ஒரு மாதம் முன்னதாக அலாரம் வையுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன்.

போன் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், கேமராவைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அப்டேட் எத்தனை வருடம் என்பதை. 2023இல் வந்த பிக்சல் 8க்கும் 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருட அப்டேட் தருவதாகக் கூகுளும் சாம்சங்கும் அறிவித்தன. விலை குறைந்த மாடல்களில் அது மூன்று நான்கு வருடமாக இருக்கலாம். இந்தக் கணக்கு போன் அறிமுகமான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நான்கு வருட அப்டேட் உள்ள மாடல் ஒன்று வெளிவந்து இரண்டு வருடம் கழித்துச் சலுகையில் வருகிறது, நீங்கள் 36 மாதத் தவணையில் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கடைசி ஒரு வருடம், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதில்தான் உங்கள் வங்கிச் செயலியும் இருக்கும்.

அப்புறம் பேட்டரி. ஐபோன் 14 வரையான மாடல்களில் 500 முழு சார்ஜுக்குப் பிறகும், ஐபோன் 15இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 1,000 முழு சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் புது மாடல்களுக்கு 800 சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதம் வேண்டும் என்று வைத்திருக்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் 800 என்பது இரண்டு வருடமும் இரண்டு மாதமும் சொச்சமும். ஆகவே மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரு பேட்டரி மாற்றும் செலவையும் மொத்தக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

போன் லாக் ஆனதா என்று கேட்க மறக்காதீர்கள். லாக் ஆன போனில் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது, அட்டையில்லாமல் போனிலேயே பதியும் இ-சிம்மும் அப்படியே. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும், பிரிட்டனிலும் ஜப்பானிலும் 2021லிருந்தும் லாக் செய்த போனை விற்பதற்குத் தடை. மற்ற பல இடங்களில் தவணை முடியும் வரை லாக் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்கள் அன்லாக் ஆகியிருந்தால் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகள் அந்த மாடலில் இருக்கின்றனவா, 4ஜி வழியாகவே பேசும் வசதியை நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். 3ஜியை நிறுத்திவிட்ட இடங்களில் இந்த வசதி இல்லையென்றால் நெட் ஓடும், ஆனால் பேச முடியாமல் போகலாம். ஒருவர் கைமாற்றிய போனை வாங்கும்போது *#06# அழுத்தினால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். அதை வைத்து, திருட்டுப் புகார் உண்டா, தவணை பாக்கி நிற்கிறதா என்று விசாரித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

சரி, அந்தச் செவிலியர். 550 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து, சிக்னல் இல்லாத கனெக்‌ஷனையே இன்னும் 22 மாதம் வைத்துக்கொள்வது என்று கிட்டத்தட்ட முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் கட்டிக்கொண்டிருந்த பெரிய பிளான் மாதம் 60. வீட்டுப் பக்கத்தில் நன்றாகச் சிக்னல் எடுக்கும் இன்னொரு நிறுவனத்தில், அவர் உண்மையில் செலவழிக்கும் டேட்டாவுக்குச் சிம் மட்டும் 32தான். வித்தியாசம் 28. பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் 28ஐ 22ஆல் பெருக்கினேன். 616 வந்தது. 550ஐக் கட்டிவிட்டு வெளியே வந்தாலும் அவருக்கு 66 மிச்சம், போனும் அவருக்கே சொந்தமாகி அன்லாக் ஆகிவிடும்.

அவர் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தானே ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். உடனே மாற்ற வேண்டாம் என்றேன். போன் இன்னும் லாக்கில் இருப்பதால் புது சிம்மை அதில் போட முடியாது. அலமாரியில் கிடந்த பழைய போனில் அந்த நிறுவனத்தின் ஒரு மாத ப்ரீபெய்ட் சிம்மைப் போட்டு, ஒரு வாரம் இரவில் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார். இரண்டு இரவு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது, இரண்டு முறையும் மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் 550ஐக் கட்டினார்.