மூட்டு மாறிவிட்டது, எலும்பு இன்னும் கூடவில்லை

முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் மறுநாளே வாக்கர் பிடித்து நடப்பதைப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. அதனால், விழுந்து தோள்பட்டை நொறுங்கிச் செயற்கை மூட்டு வைத்துக்கொண்ட அம்மாவையோ பாட்டியையோ வீட்டுக்கு அழைத்து வந்ததும் பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: "மூட்டையே மாத்தியாச்சே மேடம், இன்னும் எதுக்கு கையைத் தூக்கக் கூடாதுங்கிறீங்க?" பிசியோதெரபிஸ்ட்டாக நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். மூட்டு மாறிவிட்டது, அதைச் சுற்றி உடைந்த எலும்பு இன்னும் கூடவில்லை.

மேற்கை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறது. அதை ஒட்டி இரண்டு புடைப்புகள். கையைச் சுழற்றவும் தூக்கவும் உதவும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண்கள் வந்து ஒட்டிக்கொள்வது இந்தப் புடைப்புகளில்தான். எலும்பு மெலிந்த வயதில், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நின்ற இடத்திலிருந்து சரிந்து விழுந்தாலே இந்தப் பகுதி மூன்று நான்கு துண்டாகிவிடும். இப்படி உடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்லிங் (கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் துணிப்பட்டை) போட்டு ஓய்வு கொடுத்தாலே போதும், எலும்பு கூடிவிடும். தலை பிளந்துபோயிருந்தால், மூட்டை விட்டு விலகியிருந்தால், ரத்த ஓட்டம் அறுபட்டிருந்தால், பிளேட்டும் ஸ்க்ரூவும் பிடிமானம் கொள்ளாத அளவுக்கு எலும்பு மெலிந்திருந்தால், மூட்டு மாற்று பற்றி மருத்துவர் பேசுவார்.

அந்த அறுவை சிகிச்சையில் தலையை எடுத்துவிடுகிறார்கள். புடைப்புகளை எடுப்பதில்லை. அவற்றைச் செயற்கை மூட்டின் உலோகத் தண்டைச் சுற்றி வைத்து, கெட்டியான நூலால் கட்டிவிடுகிறார்கள். அந்தத் துண்டுகள் எலும்போடு எலும்பாகக் கூடுவதற்கு ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் நோயாளி தானாகக் கையை வீசித் தூக்கினால், தசைநாண் இழுத்த இழுப்பில் துண்டு இடம் நழுவிவிடும். நழுவினால் அன்றைக்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது முழங்கை மட்டும் தோள் உயரத்துக்கு எகிறும். கையை வெளிப்பக்கமாகத் திருப்ப முடியாததால் வரும் கோலம் அது. தலை வாருவதும் பின்னல் போடுவதும் அதோடு கஷ்டமாகிவிடும். ஆறு வாரப் பொறுமையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இன்று வயதானவர்களின் எலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் வைப்பது 'ரிவர்ஸ்' வகை மூட்டு. பிரான்ஸ் நாட்டு அறுவை சிகிச்சை நிபுணர் பால் கிராமோன் 1985 வாக்கில் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்தது. இயற்கையில் பந்து கை எலும்பிலும் கிண்ணம் தோள்பட்டை எலும்பிலும் இருக்கும். இதில் இரண்டும் இடம் மாறிவிடும். அப்படி மாற்றுவதால், தோளின் மேல் போர்த்தினாற்போல இருக்கும் டெல்டாய்டு தசையே கையைத் தூக்கும் வேலையைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். நொறுங்கிய தோளுக்கு இது பெரிய வரம். ஆனால் இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. கையைப் பின்னால் கொண்டுபோய், உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திருப்பினால் மூட்டு கழன்றுவிட வாய்ப்பு இருக்கிறது.

சொல்லும்போது ஏதோ சர்க்கஸ் வித்தை மாதிரித்தான் தோன்றும். நம் வீடுகளில் தினம் செய்வது அதுதான். பின்னால் கைவிட்டுப் பாவாடை நாடாவைச் சரிசெய்வது, புடவைக் கொசுவத்தை இடுப்புக்குப் பின்னால் இழுத்துவிடுவது, உள்ளாடைக் கொக்கி மாட்டுவது, சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகுவது, தரையில் கையூன்றி எழுந்திருப்பது. மலம் கழித்துவிட்டுக் கழுவுவதும் இதில் சேரும். இடது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் இது பெரிய சங்கடம். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே கேட்டுவிடுவேன். மற்ற கையைப் பயன்படுத்தச் சொல்வேன். முன்பக்கமாகப் பிடிக்கும் ஹேண்ட் ஷவர் வைத்துவிட்டால் பாதிச் சங்கடம் தீரும். உட்கார்ந்து எழும் இந்தியக் கழிப்பறை இந்தக் காலத்துக்கு வேண்டவே வேண்டாம். வெஸ்டர்ன் இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி வாங்கிப் போட்டுவிடுங்கள். எழும்போது அந்தக் கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றவும் கூடாது.

ஒரு எளிய அடையாளம் சொல்லித் தருவேன். முழங்கை எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். மல்லாந்து படுக்கும்போதும்தான். மேற்கைக்கு அடியில் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ வைத்தால் முழங்கை பின்னால் சரியாது. முதல் சில வாரம் தட்டையாகப் படுத்தால் தூக்கமே வராது. ஈஸி சேரிலோ மூன்று தலையணை அடுக்கியோ சாய்ந்து தூங்குவது பலருக்கு ஒத்துவருகிறது.

அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் வரும் கன்னிப்போன நிறம் பலரைப் பயமுறுத்துகிறது. தோளில் உடைந்திருக்க, சில நாளில் முழங்கை வரை, சிலருக்கு மார்பு வரை, கருநீலமாகி அப்புறம் மஞ்சளாகும். உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான் அது, தானே கரைந்துவிடும். விரல்கள் வீங்கும் என்பதால் விழுந்த அன்றைக்கே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். "கல்யாண மோதிரம், கழட்ட மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தவர்களுக்குக் கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

கையைத் தூக்கக் கூடாது என்றால் அசைக்கவே கூடாது என்று பொருள் இல்லை. விரலை மடக்கி நீட்டுவது, மணிக்கட்டைச் சுற்றுவது இரண்டும் முதல் நாளே தொடங்க வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டுவதற்கும் பெரும்பாலும் உடனே அனுமதி கிடைத்துவிடும். ஸ்லிங்கிலேயே கையைப் பூட்டிவைத்த சிலருக்குத் தோள் தேறியும் முழங்கை நீளாமல் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அந்த இறுக்கம் வராமலே தடுத்திருக்கலாம்.

நம் ஊர் வெயிலில் ஸ்லிங்குக்குள் அக்குள் வெந்துபோகும். தோல் புண்ணானால் கிருமித் தொற்றுக்கு அது வாசல். சுத்தம் செய்ய, நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். ஆபரேஷன் ஆன கை தன் பாரத்திலேயே தொங்கட்டும். அக்குள் தானாகத் திறக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடித்து வையுங்கள். பவுடரைக் கொட்ட வேண்டாம். உடுத்தும்போது ஆபரேஷன் ஆன கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது அது கடைசியாக வர வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இருந்தால் போதும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்போடுதான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் கூடாத எலும்பை நீவினால் கட்டு நெகிழும், தையல் ஆறாத இடத்தில் எண்ணெய் பட்டால் தொற்று வரும். "கொஞ்சம் இழுத்துவிட்டா சரியாயிடும்" என்று யார் வந்தாலும் கையைக் கொடுக்காதீர்கள்.

ஆறாவது வாரம் வாக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மருத்துவர் சரி என்றதும் ஸ்லிங்கை விடலாம். மேசை மேல் கையை வைத்து முன்னால் நகர்த்துவது, படுத்துக்கொண்டு நல்ல கையின் துணையோடு தூக்குவது, கதவில் மாட்டிய கப்பிக் கயிறு என்று மெல்ல நகரும். எடை தூக்கும் பயிற்சி மூன்று மாதத்துக்குப் பிறகுதான். தண்ணீர்க் குடமும் பேரப்பிள்ளையும் அந்தக் கணக்கில்தான் வரும். நாளுக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் செய்வதைவிட, பத்துப் பத்து நிமிடமாக மூன்று நான்கு தடவை செய்வது நல்லது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் பலர் சோர்ந்து நிறுத்துகிறார்கள். ஒரு வருடம் வரை கை தேறிக்கொண்டே போகும் என்பதால் அந்த இடத்தில் விடாதீர்கள். முன்போலவே முழுக்கத் தூக்க முடியும் என்று நான் ஆசை காட்டுவதில்லை. தலை வாரலாம், சமைக்கலாம், தோளுக்கு மேலுள்ள அலமாரியிலிருந்து டப்பா எடுக்கலாம். முதுகுக்குப் பின்னால் கை போவதில் மட்டும் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் குறை நிற்கும்.

காயத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கை திடீரென்று தூக்கவே வராமல் போனாலோ, தோளின் வடிவம் மாறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மேற்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தால் அடுத்த பரிசோதனையில் கட்டாயம் சொல்லுங்கள், விழுந்ததில் நரம்பு அடிபட்டிருக்கலாம்.

இவ்வளவுக்கும் நடுவில் எல்லோரும் மறப்பது எலும்பின் மெலிவை. நின்ற இடத்தில் விழுந்து தோள் நொறுங்கியவருக்கு அடுத்து உடையக்கூடியது இடுப்பு. தையல் பிரிக்கப் போகும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, எலும்பை வலுவாக்கும் மருந்து மூன்றையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கேழ்வரகும் எள்ளும் நெத்திலியும் நல்லவைதான், ஆனால் மருந்துக்கு மாற்று இல்லை. ஸ்லிங் போட்ட கையோடு நடக்கும்போது உடம்பின் சமநிலையும் குறையும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் இரவில் ஒரு விளக்கு எரியட்டும். வழுக்கும் கால்மிதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கழிப்பறைச் சுவரில் நல்ல கை பிடிக்கும் பக்கமாக ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துவையுங்கள், டவல் மாட்டும் கம்பி உடம்பின் பாரத்தைத் தாங்காது.