பம்பைக் கழற்றும் முன் ஆயிலைப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் எங்கள் ஷெட்டுக்கு ஒரு பழைய பென்ஸ் வந்தது. டபிள்யூ 124 வரிசை, இ 220. 1995-இல் புனேயில் பென்ஸ் உற்பத்தி தொடங்கியபோது முதலில் வந்த மாடல். ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். "தம்பி, ஸ்டீயரிங் லாரி மாதிரி கனக்குது. ரெண்டு மாசம் முன்னாடிதான் வேற இடத்துல பம்ப் மாத்தினாங்க" என்றார்.

ஸ்டீயரிங் கனத்தால், அதை லேசாக்க ஆயிலை அழுத்தித் தள்ளும் பவர் ஸ்டீயரிங் பம்ப் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முப்பது வருட வண்டிக்கு நல்ல பம்ப் சுலபத்தில் கிடைக்காது. உடைத்த வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டுவார்கள், அது கழற்றியதைவிட மோசமாக இருக்கும். நான் பம்பைக் கடைசியில்தான் தொடுவேன்.

முதலில் முன் டயர்களில் காற்று பார்ப்பேன். சிரிக்க வேண்டாம், காற்றடித்ததோடு முடிந்துபோன கேஸ்கள் உண்டு. அடுத்து முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவேன். அப்போதும் ஓரிடத்தில் இறுக்கிப் பிடித்தால் சக்கரத்தைத் திருப்பும் மூட்டான பால் ஜாயின்ட்டையும் ஸ்டீயரிங் பாக்ஸையும் சந்தேகிக்க வேண்டும். 'பிளே', அதாவது ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டத்தை, எடுப்பதாகச் சொல்லி, பாக்ஸின் மேலுள்ள ஸ்க்ரூவை யாராவது முறுக்கிவிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. இந்த மாடலில் பிளே பெரும்பாலும் ஸ்டீயரிங் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ் தேய்ந்து வருவது, பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்புறம் சத்தம். முழுதாக ஒடிக்கும்போது 'கீச்' என்றால் பெல்ட். ஒடிக்க ஒடிக்க 'ங்ங்ங்' என்று முனகினால் ஆயில் குறைந்து காற்று ஏறியிருக்கிறது, ஆயிலும் நுரைத்திருக்கும்.

பேராசிரியர் வண்டி முனகியது. ஆயில் டப்பாவில் அளவு சரிதான், ஆனால் நிறம் பிடிக்கவில்லை. பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) நல்ல சிவப்பு. இதில் கலங்கிய காப்பி நிறம். கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ராத்திரி வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் இரண்டு அடுக்கு. மேலே சிவப்பு, அடியில் மஞ்சளாக ஒரு விரல் உயரம் பிரேக் ஆயில். இரண்டும் ஒட்டாது, பிரேக் ஆயில் கனம் என்பதால் கீழே இறங்கிவிடும்.

கேட்டபோது, ஆயில் குறையும்போதெல்லாம் தன் டிரைவர் டிக்கியில் கிடந்த பிரேக் ஆயில் பாட்டிலிலிருந்து ஊற்றியதாகப் பேராசிரியர் சொன்னார். பவர் ஸ்டீயரிங் சீல்கள் மினரல் ஆயிலுக்குச் செய்த ரப்பர். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும். கழற்றிய ஓ-ரிங்கை (வளைய ரப்பர் சீல்) அதன் பள்ளத்தில் திரும்ப வைத்தேன். பொருந்தவில்லை, பூரி போலப் புடைத்து நின்றது. டப்பாவுக்குள் இருக்கும் காகித ஃபில்டர் கூழாகியிருந்தது. இத்தனைக்கும் ஆரம்பம், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸில் தளர்ந்திருந்த ஒரு கிளிப். முதலில் கசிந்தது அங்கேதான்.

கசிவைத் தேட விரலை வைத்துத் தடவாதீர்கள். பிரஷர் லைனில் அழுத்தம் நூறு பார் வரை ஏறும், ஊசித் துளையிலிருந்து பீய்ச்சினால் தோலுக்குள் இறங்கும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். சைலென்சர் பக்கம் சொட்டினால் வண்டியை எடுக்கவே வேண்டாம், சூட்டில் தீப்பிடிக்கும். முழுதாக ஒடித்தபடி ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது, ஆயில் கொதித்துப் பம்ப் கெடும். ஊட்டி இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறங்கும் பழைய அம்பாசிடர் பழக்கத்தை இந்த வண்டிகளில் காட்டாதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், நாலைந்து மிதியில் பிரேக்கும் கல்லாகிவிடும்.

சீல் செட், ஹோஸ், ஃபில்டர் எல்லாம் மாற்றினோம். ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியே எடுக்க, சக்கரத்தைத் தூக்கி வைத்து, இன்ஜின் போடாமலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது தடவை மெதுவாகத் திருப்பினோம். இன்ஜினைப் போட்டது அதற்குப் பிறகுதான். மாட்டியிருந்த பம்ப் நன்றாகவே வேலை செய்தது. முதலில் கழற்றி எறிந்ததும் நல்ல பம்பாகவே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். மறுபடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். அடியில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. இன்னொரு தடவை ஆயில் மாற்றித்தான் வண்டியை அனுப்பினேன்.