பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

அரசுப் பேருந்து டிரைவர் ஒருவருக்கு விபத்தில் கால் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மாதமே ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டார். "அண்ணே, விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துடுங்க, பையன் வேலையை நாங்க பாத்துக்கறோம்." எழுதிக் கொடுத்தார். பையனுக்கும் வேலை வரவில்லை, இவர் வேலையும் போனது. இதுபோலப் பலரைப் பார்த்துவிட்டேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. அதற்கும் இடமில்லையென்றால், கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ கூடுதல் பணியிடம், அதாவது அவருக்காகவே தனியாக உருவாக்கும் இடம். அரசுக் கழகங்களுக்கும் இது பொருந்தும். தனியார் கம்பெனிகளுக்குப் பொருந்தாது.

இனி ஆபீஸில் சொல்லப்போகும் காரணங்கள். "விபத்து டூட்டியில் நடக்கவில்லையே" என்பார்கள். லீவில் ஊருக்குப் போன இடத்தில் அடிபட்டாலும் அது பணிக்காலம்தான். "ஊனம் 40 சதவீதம் இல்லையே" என்பார்கள். அது இடஒதுக்கீட்டுக்கான கணக்கு, இந்தப் பிரிவில் அந்த எண்ணே கிடையாது. "காலியிடம் இல்லை" என்றால், கூடுதல் பணியிடம் என்று சட்டத்தில் எழுதியிருப்பதே அதற்காகத்தானே?

அதிகம் பேர் மாட்டுவது மெடிக்கல் போர்டில். வெறுமனே 'அன்ஃபிட்' என்ற சான்றோடு திரும்பாதீர்கள். 'டிரைவர் பணிக்குத் தகுதியில்லை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது அதுவே மாற்றுப் பணி கேட்பதற்கு உங்கள் ஆதாரம்.

"இன்வாலிட் பென்ஷன் (உடல் தகுதியில்லை என்று அனுப்பும்போது தரும் ஓய்வூதியம்) கொடுத்தாச்சே" என்று கதவைச் சாத்துவதும் உண்டு. கால் இழந்த ஒரு கான்ஸ்டபிளுக்கு இதையே சொன்னார்கள். குணால் சிங் வழக்கு, 2003. பழைய 1995 சட்டம் இருந்தபோதே உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மனுவில் இந்த வழக்கையும் 20(4) என்ற எண்ணையும் குறிப்பிடுங்கள்.

வாய்வார்த்தையாக எதையும் கேட்காதீர்கள். மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். மாற்றுப் பணி வரும்வரையிலான நாட்களைச் சம்பளமில்லா லீவில் தள்ளப் பார்ப்பார்கள். அந்த லீவ் பாரத்தில் கையெழுத்துப் போடாமல், ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்.

பதில் இல்லையா? ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். புகார் பதிவானால் 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றால் அதையும் எழுதி வாங்குங்கள், அல்லது நீங்களே குறிப்பிட்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்திருந்தால், அது ஏற்கப்படும் முன்பே, இன்றைக்கே, திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள்.