மின்னல் விழாமலே எஸ்டிஆர் கெட்டுப்போவது எப்படி?

மொட்டை மாடியில் நீளக் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டி எஸ்டிஆரில், அதாவது கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ ரிசீவரில், சொருகுகிறவர்கள் மின்னலுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் மழையே இல்லாத நாளிலும், காய்ந்த காற்றும் தூசியும் உரசிப் போனாலே அந்தக் கம்பியில் நிலைமின்சாரம் ஏறும். வடிய வழி இல்லையென்றால் அது கேபிளிலேயே தேங்கும். 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் மின்னேற்றத்தைத் தேக்கும் கொள்ளளவு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட், 20 மீட்டர் என்றால் 2000. அதில் சில நூறு வோல்ட் ஏறி நிற்கும்போது கனெக்டரைச் சொருகினால் மொத்தமும் சட்டென்று ரிசீவரின் முதல் ஆம்ப்ளிஃபயருக்குள் இறங்கிவிடும்.

அது எவ்வளவு தாங்கும்? ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் கருவிக்கு மைனஸ் 5 டிபிஎம், அதாவது 0.3 மில்லிவாட்தான் உச்சம் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். பக்கத்தில் யாராவது 5 வாட் வாக்கி டாக்கியை அழுத்தி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு உங்கள் ஆன்டெனாவில் சிக்கினாலே 5 மில்லிவாட் ஆகிவிடும். கெட்ட பிறகும் கருவி ஓடும், அதுதான் கொடுமை. உள்ளூர் எஃப்எம் கேட்கும், பலவீனமான சிக்னல்கள் மட்டும் காணாமல் போயிருக்கும், நாம் ஆன்டெனாவைச் சந்தேகித்து மாடிக்கும் அறைக்கும் அலைந்துகொண்டிருப்போம்.

முதலில் ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சிக்னலுக்கு அது இருப்பதே தெரியாது, நிலைமின்சாரம் மட்டும் சேரச் சேர வடிந்துவிடும். சில காசு விலையில் இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

அப்புறம் ரிசீவரின் வாயிலேயே எதிரெதிராக இரண்டு டையோடுகள். மின்னழுத்தம் 0.7 வோல்ட்டை நெருங்கியதும் அவை திறந்து மிச்சத்தை எர்த்துக்குத் தள்ளும். 50 ஓமில் அது ஏறக்குறைய 5 மில்லிவாட். ஹேக்ஆர்எஃப்புக்கு இதுவே அதிகம் என்பதால், பலமான டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் இருந்தால் சிக்னலின் திறனை நூறில் ஒன்றாகக் குறைக்கும் ஒரு 20 டெசிபல் அட்டெனுவேட்டரும் வேண்டும். எந்த டையோடு என்பதும் முக்கியம். 1என்4148 வகை டையோடு ஒவ்வொன்றும் 4 பிக்கோஃபாரட் வரை கொள்ளும், சிற்றலையில் பரவாயில்லை, ஆனால் 1 கிகாஹெர்ட்ஸில் இரண்டும் சேர்ந்தால் சிக்னலுக்கு எர்த்துக்குப் போகும் வழியில் வெறும் 20 ஓம் தடைதான், அதில் பெரும்பகுதி ரிசீவருக்குப் போய்ச் சேராது. அங்கே கொள்ளளவு குறைந்த டையோடுதான் சரி. பக்கத்தில் பலமான ஒலிபரப்பு நிலையம் இருந்தால் டையோடுகளே சிக்னல்களைக் கலந்து, இல்லாத நிலையங்களையும் காட்டும்.

நேரடி மின்னலை இவை எதுவும் தடுக்காது. இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். வானம் முழுக்கத் தெளிந்த பிறகு, திரும்பச் சொருகும் முன், அதன் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டு, தேங்கியதை வடித்துவிடுங்கள்.