பர்சனாலிட்டி: ஆளைப் பார்ப்பதா, ஆளுமையைப் பார்ப்பதா?

“அக்கா, நாளான்னிக்கு பர்சனாலிட்டி டெஸ்டாம், மெசேஜ் வந்துகீது. நான் இப்படி ஒல்லியா கீறேனே, எடுப்பாங்களா?”

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில், வேலை தேடும் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து பாடம் எடுக்கிறோம். மணலிப் பக்கம் ஒரு கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்த பையன் கேட்டது இது. மறுநாளே எம்.சி. ரோட்டுக்குப் போய்ப் புதுச் சட்டையும் வாங்கிவிட்டான். டெஸ்ட் நடந்தது அவனுடைய கைபேசியில். ஐம்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒத்துப்போகிறேன், ஒத்துப்போகவில்லை என்று ஐந்து படிகளில் ஒன்றை அழுத்த வேண்டும். சட்டையை யாரும் பார்க்கவில்லை.

அவன்மேல் தவறில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘பர்சனாலிட்டி’ என்றால் தோற்றம். “மாப்பிள்ளை நல்ல பர்சனாலிட்டிமா” என்று தரகர் சொன்னால் உயரத்தையும் தோள் அகலத்தையும் சொல்கிறார். பையன் முன்கோபியா, பொறுமைசாலியா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. அலுவலகத்தில் அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது: ஒருவர் வழக்கமாக எப்படி யோசிக்கிறார், எப்படி உணர்கிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதன் மொத்த வடிவத்தை. ஒலி ஒன்று, பொருள் இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கித்தான் நம் பிள்ளைகள் ஒல்லி உடம்பையும் உடைந்த ஆங்கிலத்தையும் நினைத்துப் பயப்படுகிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீன் ‘பெர்சோனா’. ரோமானிய மேடையில் நடிகர்கள் அணிந்த முகமூடிக்கு அந்தப் பெயர். ‘பெர்’ என்றால் ஊடாக, ‘சொனாரே’ என்றால் ஒலித்தல். முகமூடியின் வாய்வழியே குரல் ஒலிப்பதால் இந்தப் பெயர் என்று ரோமானியர்களே ஒரு விளக்கம் சொல்லிவைத்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெர்சோனாவில் வருவது நெடில், சொனாரேயில் வருவது குறில். குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பது தமிழ் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். மொழியறிஞர்கள் பலரும் அந்த விளக்கத்தை விட்டுவிட்டு, ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் செழித்திருந்த எத்ருஸ்க மக்களின் ‘ஃபெர்சு’ என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். தர்குவினியா என்ற ஊரில், கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றின் சுவரோவியத்தில், முகமூடி போட்ட ஒருவனுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது.

முகமூடியைக் குறித்த சொல் அடுத்து வேடத்தைக் குறித்தது. பிறகு வேடம் ஏற்ற ஆளை, அப்புறம் சட்டத்தின் முன் உரிமையும் கடமையும் உள்ள எந்த ஆளையும் குறித்தது. அதன்மேல் விகுதிகள் ஏறி ‘பெர்சனாலிதாஸ்’ ஆகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்து, நம் தெருவுக்கு வந்திருக்கிறது. வந்த இடத்தில் மறுபடியும் வெளியே தெரியும் முகத்தையே குறிக்கத் தொடங்கியது எனக்கு வியப்பாக இருக்கிறது. தரகர் சொல்லும் பொருள், சொல்லின் மிகப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இந்த முகமூடி விஷயம் எளிதில் புரியும். ஏலம் கூறுபவரின் குரல் அத்தனை இரைச்சலையும் தாண்டி வரும். வாங்க நிற்கும் பெண்களோடு மல்லுக்கட்டி, விலை ஏற்றி, கடகடவென்று முடிப்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஏலம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பத்து வார்த்தை பேசமாட்டார். வலைக்கிழிசலைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பார். குரல் தொழிலுக்காக அணிந்த பெர்சோனா. மதிப்பீடு கேட்பது அதற்குப் பின்னால் இருப்பவரைப் பற்றி.

தமிழில் இதற்கு வழங்கும் சொல் ஆளுமை. நல்ல சொல், ஆனால் அதை நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. ‘ஆள்’ என்பது பெயராக நின்றால் மனிதர். வினையாக நின்றால் ஆட்சி செய், பயன்படுத்து, கைக்கொள். கையாள்கிறோம், சொல்லாட்சி என்கிறோம், தொழிலாளர் என்கிறோம். தொழிலை ஆள்பவர் தொழிலாளர். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது, திரு.வி.க. அவர்களிடம் தமிழில் பேசினார். நூல் ஆலையில் பன்னிரண்டு மணிநேரம் நின்றவர்களைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே ‘ஆளுதல்’ இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிமிர்கிறது. மேலாளர், மேலாண்மை, வள்ளுவர் முயற்சிக்குச் சொல்லும் தாளாண்மை, அவரே ஒரு அதிகாரத்துக்குப் பெயராக வைத்த ஆள்வினையுடைமை எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பெர்சோனாவுக்கு ‘ஆள்’ என்று தமிழில் ஈடு வைத்தது நேற்று நடந்ததல்ல. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று ‘ஆட்கள்’ என்று தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் வேதபாடமான ஞானோபதேசத்தில் படிக்கிறார்கள். லத்தீனில் அந்த இடத்தில் நிற்பது பெர்சோனாவின் பன்மைதான். பேதுருவை இராயப்பர் என்று அழைத்து, அந்தப் பெயரால் தங்கள் ஊரையே ராயபுரம் ஆக்கிய மக்களின் வாயில் இந்தச் சொல் பழகியிருந்தது. உளவியல் பாடநூல் எழுதியவர்கள் ஆளிலிருந்து ஆளுமையை எடுத்தபோது, அவர்கள் நின்ற தரை ஏற்கெனவே உறுதியாகத்தான் இருந்தது.

ஒரு குழப்பம் உண்டு. இன்று ஆளுமைக்கு மூன்று பொருள் வழங்குகிறது. ‘இலக்கிய ஆளுமை’ என்றால் புகழ்பெற்ற மனிதர். ‘மின் ஆளுமை’ என்றால் கணினிவழி அரசு நிர்வாகம். மூன்றாவதுதான் நாம் பேசும் தனிமனித ஆளுமை. இந்தக் குழப்பத்தைக் காட்டி வேறு சொல் தேட வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. தன்னைத் தானே ஆளும் விதம் என்ற பொருள் ஆளுமைக்குள் இருக்கிறது. முகமூடியிலிருந்து பிறந்த சொல்லில் அது இல்லை. குணம், சுபாவம், இயல்பு, பண்பு ஆகியவை பக்கத்தில் வரலாம், இடத்தைப் பிடிக்க முடியாது. குணம் என்றதும் நல்லது கெட்டது என்ற தீர்ப்பு கூடவே வந்துவிடும். இயல்பு என்றால் மாறாதது என்ற எண்ணம் வரும். பண்பு நம் வழக்கில் பெரும்பாலும் புகழ்ச்சி.

அடுத்த சொல் அசெஸ்மெண்ட். எங்கள் பக்கம் இது முன்பே தெரிந்த சொல்தான், வீட்டு வரி மூலமாக. மாநகராட்சி ஆள் வந்து அளந்து, “அசெஸ்மெண்ட் போட்டுட்டாங்க” என்றால் பணம் கட்ட வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பொருள் பிறழ்ச்சியல்ல. இடைக்கால லத்தீனில் இந்தச் சொல் வரி நிர்ணயிப்பதைத்தான் குறித்தது. அதற்கும் அடியில் இருப்பது ‘அசிதேரே’: பக்கத்தில் உட்கார். நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்து உதவியவர் அசெசர். பக்கத்தில் உட்கார்தல் என்ற பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதில் எது உனக்குச் சரியாகப் படுகிறது, எது படவில்லை?’ என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது.

தமிழில் மதிப்பீடு. மதிப்பு இடுவது மதிப்பீடு. முதல் இடுவது முதலீடு ஆனதுபோல. இதைத் தேர்வு என்றோ சோதனை என்றோ சொல்லக்கூடாது என்று வகுப்பில் கண்டிப்பாகச் சொல்கிறேன். தேர்வு என்றால் தேறுவதும் தேறாமல் போவதும் உண்டு. சோதனை என்றால் கேட்கவே வேண்டாம், போலீஸ் வீட்டுக்குள் நுழைவதற்கும் எங்கள் தெருவில் அதே சொல்தான். ஆளுமை மதிப்பீட்டில் சரியான விடை என்று எதுவும் கிடையாது.

ஆனால் கேள்வியே புரியாமல் போகலாம். நம் பையனுக்கு வந்த வாக்கியங்களில் ஒன்று, “ஐ ஆம் த லைஃப் ஆஃப் த பார்ட்டி”. நாலு பேர் கூடும் இடத்தைக் கலகலப்பாக்குபவர் என்பது பொருள். பார்ட்டி என்றால் அவனுக்குத் தெரிந்தது கட்சி, அல்லது தண்ணியடிக்கும் கூட்டம். “அந்தப் பழக்கமெல்லாம் எனக்கு இல்லக்கா” என்று நேர்மையாக, ஒத்துப்போகவே இல்லை என்று அழுத்திவிட்டான். கணக்கு அவனை ஒதுங்கிப்போகிறவன் என்று காட்டியது. வியாசர்பாடி மைதானத்தில் அவன் குரல் இல்லாமல் ஆட்டமே தொடங்காது. அந்த நிறுவனத்தில் இதைச் சொல்லிக் கேட்க ஆள் யாரும் இல்லை. பிள்ளைகளைத் தமிழில் கேளுங்கள், அல்லது வாக்கியத்தை விளக்க ஒருவரையாவது வையுங்கள் என்று நான் ஒவ்வொரு இடத்திலும் மன்றாடுவது இதனால்தான்.

இந்த மதிப்பீடுகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில், போரின் அதிர்ச்சியைத் தாங்கமாட்டாத வீரர்களை முன்கூட்டியே கண்டறிய அமெரிக்காவில் உட்வொர்த் என்ற உளவியலாளர் ஆம்-இல்லை கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார். 1921இல் சுவிஸ் மருத்துவர் கார்ல் யுங், தன்னுள்ளே திரும்பும் அகமுகம், வெளியே திரும்பும் புறமுகம் என்று மனப்போக்கைப் பிரித்து எழுதினார். நமக்கு இந்தப் பிரிவு அந்நியமாகவே தோன்றாது. பாட்டையே அகம், புறம் என்று பிரித்தவர்கள் நாம். யுங்கின் கருத்தை எடுத்துக்கொண்டு கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் 1940களில் பதினாறு வகைகளாக ஒரு கருவி செய்தார்கள். நான்கு எழுத்துகளில் விடை வருமே, அதுதான். டிஸ்க் (DISC) என்ற பெயரில் நிறுவனங்களில் ஓடும் மதிப்பீட்டுக்கு மூலம், 1928இல் மார்ஸ்டன் என்பவர் வெளியிட்ட கோட்பாடு.

சொல் ஆய்வு செய்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் வேறொன்று. 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை வேறுபடுத்திச் சொல்லும் சொற்களாக 17,953ஐப் பொறுக்கினார்கள். மனிதரிடம் முக்கியமான வேறுபாடு எதுவோ அதற்கு மொழி கட்டாயம் ஒரு சொல் வைத்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னால் வந்தவர்கள் அந்தக் குவியலைச் சலித்துச் சலித்து ஐந்து கூறுகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: புதியதை ஏற்கும் மனம், கருத்தாகச் செய்தல், புறமுகப் போக்கு, இணக்கம், மனக்கலக்கம். கடைசியதை ‘நரம்புத்தளர்ச்சி’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. அது நோயின் பெயரல்ல. கவலையும் பதற்றமும் ஒருவருக்கு எவ்வளவு எளிதில் வருகிறது என்பதன் அளவு. இந்த ஐந்தில் யாரும் ஒரு பெட்டிக்குள் அடைபடுவதில்லை. ஒவ்வொன்றிலும் கூடவோ குறையவோ ஓர் அளவில் நிற்கிறோம்.

வாயாடி, அழுத்தக்காரன், விடாக்கண்டன், வெள்ளந்தி, கறார், உம்மணாமூஞ்சி, ஊமைக்கோட்டான், உஷார் பார்ட்டி. நம் பாட்டிமார் வாயிலிருந்து இப்படி எத்தனை வரும்! தமிழில் ஒருவர் உட்கார்ந்து இவற்றைத் திரட்டிச் சலித்தால் ஐந்துதான் வருமா, வேறு எண் வருமா என்று அறிய எனக்கு மிகவும் ஆசை.

‘டைப்’ என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிரேக்கத்தில் ‘தைபோஸ்’ என்றால் அடி, அடித்ததால் பதிந்த அச்சு. ‘கேரக்டர்’ பொருளில் அதற்கு உறவு. பொறித்த முத்திரையைக் குறித்தது. இரண்டு சொல்லிலும் ஒருமுறை குத்திவிட்டால் போகாது என்ற எண்ணம் பதுங்கியிருக்கிறது. பதினாறு வகை மதிப்பீட்டைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்து வருகிறது, ஏனென்றால் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்தான் அதிகம். அதை வெளியிடும் நிறுவனமே ஆளெடுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. 1948இல் ஃபோரர் என்ற ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்குத் தனித்தனியே எழுதியதாகச் சொல்லி ஒரே அறிக்கையைக் கொடுத்தார். சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள் அவை. ஐந்துக்குச் சராசரியாக நாலேகாலுக்கு மேல் மதிப்பெண் போட்டு, ‘என்னைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்’ என்றார்கள் மாணவர்கள். அறிக்கையில் உள்ள ஒரு வரி யாருக்கும் பொருந்துமா, உனக்கு மட்டுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

‘ஒர்க்கிங் ஸ்டைல்’ என்பதை ‘பணி பாணி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஸ்டைல் பிறந்தது லத்தீனின் எழுத்தாணியில். ஆணி பிடிக்கும் விதம் எழுத்தின் விதமானது. நமக்கு ‘வாகு’ என்ற சொல் இருக்கிறது. ஸ்பானர் கைக்கு வாகாக இருக்கிறது, இந்தப் பக்கம் நின்றால் வாகாக இல்லை என்று பட்டறையில் தினமும் சொல்கிறோம். வேலைவாகு என்று சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஒருவருக்குத் தனியாகக் கணக்கு முடிப்பது வாகு. ஒருவருக்கு நாலு பேரோடு பேசி முடிப்பது வாகு. ஒருவருக்கு முதல்நாளே திட்டம் வேண்டும், இன்னொருவருக்குக் கடைசி மணிநேரத்தில்தான் கை ஓடும்.

அளப்பதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது, கட்டளைக்கல். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். “தத்தம் கருமமே கட்டளைக் கல்” என்கிறது குறள். அவரவர் செய்யும் வேலைதான் உரைகல். கேள்வித்தாளில் வந்த விடையை அவரவர் வேலையில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதை வைத்துத்தான்.

நம் பையனோடு அப்படி உட்கார்ந்தேன். ‘ஒதுங்கிப்போகிறவர்’ என்ற வரியை அவன் அடித்தான். ‘ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டார்’ என்ற வரிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அப்பா எண்ணூரில் வேலை இழந்த வருஷம், காலையில் பால் பாக்கெட் போட்டுக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததைச் சொன்னான். அதையே பக்கத்தில் தமிழில் எழுதச் சொன்னேன். ‘ஆளுமை’ என்று தலைப்புப் போட்டு, நாலு வரி எழுதி, தாளை மடித்துப் புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.