சிவிக்கின் மூன்றாவது வால்வு

பெட்ரோல் பைப்பைச் சுற்றிக் காந்தம் மாட்டினால் புகை குறையும், மைலேஜ் ஏறும் என்கிறார்களே, மாட்டலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். பெட்ரோலைக் காந்தம் கிட்டத்தட்ட எதுவும் செய்வதில்லை. குழாயில் காந்தத்தைத் தாண்டிப் போன பெட்ரோல், தாண்டாத பெட்ரோலைப் போலவேதான் எரியும். அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அது அருமையான கேள்வி. சைலன்சருக்கு முன்னால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வைத்து, வெளியே வந்த புகையைக் கழுவுவதைத் தவிர வேறு வழியே கிடையாதா? எஞ்சினுக்குள்ளேயே சுத்தமாக எரிக்க முடியாதா?

முடியும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சின்ன ஜப்பானியக் கார் அதைச் செய்து காட்டியது. ஹோண்டா சிவிக்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1970-இன் கடைசி நாளில் அங்கே தூய காற்றுச் சட்டத் திருத்தம் கையெழுத்தானது. செனட்டர் எட்மண்ட் மஸ்கி முன்நின்று கொண்டுவந்ததால் மஸ்கி சட்டம் என்றே பலரும் அழைத்தார்கள். 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் தொண்ணூறு சதவீதம் குறைய வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் அதே தொண்ணூறு சதவீதம், ஓராண்டு கழித்து. முடியவே முடியாது, அவகாசம் கொடுங்கள் என்று அமெரிக்கக் கார்த் தொழிலின் மையமான டெட்ராய்ட் நகரத்துக் கம்பெனிகள் மனுப் போட்டன, பிறகு நீதிமன்றத்துக்கும் போயின.

ஹோண்டா அப்போது மோட்டார் சைக்கிளில் பெரிய பெயர், காரில் கத்துக்குட்டி. 1969-இல் வந்த ஹோண்டா 1300 என்ற கார் சரியாகப் போகவில்லை. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. கம்பெனியை நிறுவிய சொய்சிரோ ஹோண்டாவுக்கு அதில் அப்படி ஒரு பிடிவாதம். தண்ணீரால் குளிரும் எஞ்சினிலும் கடைசியில் அந்தத் தண்ணீரைக் காற்றுதானே குளிர்விக்கிறது, நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காற்றுக் குளிர்ச்சியில் சிலிண்டரின் வெப்பம் ஒரே நிலையில் நிற்காது. வெப்பம் நிற்காவிட்டால் புகையைக் கட்டுப்படுத்துவது கடினம். இளம் எஞ்சினியர்கள் இதைச் சொல்லிப் பார்த்தார்கள், பெரியவர் கேட்கவில்லை. கடைசியில் கம்பெனியின் பணப்பையையும் வியாபாரத்தையும் கவனித்துவந்த தக்கேயோ ஃபுஜிசாவா நேரே போய், நீங்கள் இந்தக் கம்பெனியின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, இல்லை எஞ்சினியராக இருக்கப் போகிறீர்களா என்று கேட்டார். தலைவராக என்று பதில் வந்தது. தண்ணீர் எஞ்சினுக்கு வழி பிறந்தது.

அப்படிப் பிறந்த கார்தான் 1972 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் சிவிக். 1,169 சி.சி. எஞ்சின், அதைக் குறுக்காகப் படுக்கவைத்து முன்சக்கரங்களை ஓட்டும் ஏற்பாடு, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். நீளம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. எஞ்சின் கொஞ்ச இடத்தில் அடங்கிவிட்டதால் மிச்ச நீளம் முழுக்க மனிதர்களுக்கு. பின்கதவு தூக்கும் ஹேட்ச்பேக் அதே ஆண்டு வந்தது. இன்று தெருவில் ஓடும் சிறிய குடும்பக் கார்களில் பெரும்பாலானவை இதே அமைப்புதான் என்பதால் மேலே விவரிக்கத் தேவையில்லை. இந்தக் காரின் உண்மையான அதிசயம் 1973 டிசம்பரில், 1,488 சி.சி. எஞ்சினோடு வந்தது. அதற்கு ஹோண்டா வைத்த பெயர் சி.வி.சி.சி. (Compound Vortex Controlled Combustion என்பதன் சுருக்கம்).

இனி கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் இதைவிடக் கூடுதலாக இருந்தால் மெக்கானிக்குகள் ரிச் கலவை என்பார்கள், குறைவாக இருந்தால் லீன். ரிச்சாக ஓட்டினால் ஆக்சிஜன் போதாமல் பாதி எரிந்த கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் வெளியேறும். சரி, லீனாக ஓட்டலாமே என்றால், அந்த இரண்டும் குறைகிற அதே இடத்தில் மூன்றாவது எதிரி தலை தூக்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜன் சாதாரணமாக யாரோடும் சேராத வாயு. ஆனால் வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஆக்சிஜனோடு கூடத் தொடங்கும், அதற்கு மேல் ஏற ஏற அந்த வேகம் தலைதெறிக்க ஏறும். காற்று 16 பங்குக்குப் பக்கத்தில் வரும்போது வெப்பமும் உண்டு, மிச்ச ஆக்சிஜனும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு உச்சத்துக்குப் போவது அங்கேதான்.

அதையும் தாண்டி 18, 20 என்று காற்றை ஏற்றிக்கொண்டே போனால்? அங்கே ஒரு சொர்க்கம் இருக்கிறது. கலவை நீர்த்துவிட்டதால் சுடர் அவ்வளவு சூடாவதில்லை, நைட்ரஜன் சும்மா இருக்கிறது. காற்று தாராளம் என்பதால் கார்பன் மோனாக்சைடும் கிடையாது. மூன்று எதிரிகளும் ஒரே இடத்தில் படுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு தொல்லை: அந்தக் கலவை பற்றிக்கொள்ளாது. ஸ்பார்க் பிளக் பொறியைத் தட்டித் தட்டிப் பார்க்கும், ஒரு தடவை பிடிக்கும், அடுத்த தடவை பிடிக்காது. பிடிக்காத தடவை மொத்தப் பெட்ரோலும் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போகும். ஹைட்ரோகார்பன் பழையபடி எகிறிவிடும்.

ஆக, பிரச்சினை எரிப்பதில் இல்லை, பற்றவைப்பதில் இருக்கிறது. விறகடுப்பு மூட்டிய வீடுகளில் இதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். ஈர விறகின் மேல் தீக்குச்சியைக் காட்டிப் பயனில்லை. அடியில் காய்ந்த பன்னாடையைச் செருகி, அதைப் பற்றவைத்து, அந்தச் சுடரை விறகின்மேல் ஏவ வேண்டும்.

சி.வி.சி.சி. எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும், ஸ்பார்க் பிளக்கின் அருகே, ஒரு குட்டி அறை இருக்கிறது. அதன் சுவர் வெப்பம் தாங்கும் மெல்லிய எஃகு. அந்த அறையிலிருந்து பெரிய சிலிண்டருக்கு ஒரு சிறிய துவாரம். குட்டி அறைக்கென்று தனியாக ஒரு பொடி வால்வு. வழக்கமான உள்வால்வு, வெளிவால்வு இரண்டோடு இது மூன்றாவது. மூன்றையும் ஒரே கேம்ஷாஃப்ட்தான் திறந்து மூடுகிறது. கார்புரேட்டரும் இரண்டு வேலை பார்க்கும்: பெரிய வழியில் லீன் கலவையை அனுப்பும், சின்ன வழியில் மிக ரிச்சான கலவையைக் குட்டி அறைக்கு அனுப்பும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது இரண்டு கலவையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுக்கப்படுகின்றன. குட்டி அறை நிறைந்து, மிச்சம் துவாரம் வழியாக வழிந்து, துவாரத்தின் வாசலில் ஒரு மேகம் போல நிற்கும். அப்புறம் பிஸ்டன் மேலே ஏறும். இப்போது காற்று எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. சிலிண்டரின் லீன் கலவை துவாரத்துக்குள் புகுந்து, எரியவே முடியாத அளவுக்குக் கெட்டியாக இருந்த குட்டி அறைக் கலவையை, பற்றிக்கொள்ளத் தோதான பதத்துக்கு இளக்கிவிடும். யாரும் அளந்து கலக்கவில்லை, பிஸ்டனின் அசைவே கலக்கிவிட்டது. பொறி விழும் நொடியில் உள்ளே மூன்று அடுக்கு: பிளக்கின் பக்கத்தில் ரிச், துவாரத்தின் வாசலில் நடுத்தரம், மற்ற இடமெல்லாம் லீன். பொறி ரிச் கலவையைப் பிடிக்கும், சுடர் துவாரத்தைத் தாண்டி நடுத்தர மேகத்துக்குள் நுழையும், அங்கிருந்து லீன் கலவைக்குள் பரவும்.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். நைட்ரஜன் ஆக்சைடு உண்டாக வெப்பமும் வேண்டும், மிச்ச ஆக்சிஜனும் வேண்டும். குட்டி அறையில் வெப்பம் உண்டு, ஆனால் ரிச் கலவை என்பதால் ஆக்சிஜன் மிச்சமில்லை. சிலிண்டரில் ஆக்சிஜன் உண்டு, ஆனால் லீன் கலவை என்பதால் வெப்பம் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கவே விடாமல் பிரித்து வைத்திருக்கிறார்கள்! குட்டி அறையில் உருவான கார்பன் மோனாக்சைடோ, சிலிண்டருக்குள் வந்ததும் அங்கே காத்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது.

இந்தக் குட்டி அறைக்கு முன்னறை என்று பெயர். அந்த யோசனை ஹோண்டாவுடையது அல்ல. டீசல் எஞ்சின்களில் அது பழைய விஷயம். பெட்ரோல் எஞ்சினிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ முயன்றிருக்கிறார். சோவியத் ஆய்வாளர்களும் தனியாக அதில் உழைத்தார்கள். ஹோண்டாவின் ததே, யாகி, இனோவே ஆகியோரின் சாமர்த்தியம் துவாரத்தின் அளவில் இருந்தது. துவாரம் சிறிதானால் சுடர் பீய்ச்சியடிக்கும், எல்லாம் சட்டென்று எரிந்து வெப்பம் உச்சத்துக்குப் போகும், நைட்ரஜன் ஆக்சைடு திரும்பிவிடும். பெரிதானால் இரண்டு கலவையும் முன்கூட்டியே கலந்துவிடும், அடுக்கு கலைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், சுடர் அவசரப்படாமல் மெதுவாக நடந்து போகும் ஓர் அளவை அவர்கள் தேடிப் பிடித்தார்கள். வேகமாக எரிப்பதே நல்ல எஞ்சின் என்று நம்பிய காலத்தில் மெதுவாக எரிப்பதைத் தேர்ந்தெடுத்தது பெரிய துணிச்சல். மெதுவாக எரிவதால் இன்னொரு லாபம்: வெளிவால்வு திறக்கும்போதும் வாயு சூடாகவே இருக்கும். சிலிண்டர் சுவரோரம் எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாயில், போகும் வழியிலேயே எரிந்துபோகும். இதற்கு விலை, எஞ்சினின் சக்தி கொஞ்சம் குறைவு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

1972 அக்டோபரில் ஹோண்டா இதை வெளியிட்டது. அந்த டிசம்பரில் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் உள்ள அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வுக்கூடத்தில் சோதனை. 1975 வரம்பை எட்டிய முதல் எஞ்சின், கன்வெர்ட்டர் இல்லாமல். சிறிய எஞ்சினில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், எங்கள் பெரிய எஞ்சினில் நடக்காது என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஹோண்டா 1973 மாடல் செவர்லே இம்பாலா ஒன்றை எடுத்து, அதன் 5.7 லிட்டர் வி8 எஞ்சினின் தலையைக் கழற்றி, சி.வி.சி.சி. தலையை மாட்டி அதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. அதுவும் தேறியது. டொயோட்டாவும் ஃபோர்டும் கிரைஸ்லரும் இசுசுவும் உரிமம் வாங்கின. டெட்ராய்டுக்கோ 1973 ஏப்ரலில் ஓராண்டு அவகாசம் கிடைத்துவிட்டது.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் போதும், கண்டுபிடிப்பு தானாக வரும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. பணம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஹோண்டாவைவிடப் பன்மடங்கு பணம் டெட்ராய்டிடம் இருந்தது. ஒரு தேதியும் ஓர் எண்ணும் குறித்த சட்டத்தைப் பார்த்து ஒரு சாரார் வக்கீலைத் தேடினார்கள், இன்னொரு சாரார் துவாரத்தின் அளவைத் தேடினார்கள். நான் எப்போதும் கண்டிப்பான மாசு வரம்புகளின் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம்.

சந்தையில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. லீனாக எரியும் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகவே போதும். அமெரிக்க அரசின் மைலேஜ் பட்டியலில் சிவிக் தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. கன்வெர்ட்டர் வைத்த கார்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும், ஈயம் பட்டால் வினையூக்கி செத்துவிடும். சிவிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எதை ஊற்றினாலும் ஓடும். (சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது இதனால்தான்.) சொய்சிரோ ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் எண்ணெய் நின்ற அதே 1973 அக்டோபரில் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் முதல் தலைமுறை சிவிக்கின் முன் ஃபெண்டர்கள் துருப்பிடித்து உதிர்ந்தன. கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. வரம்புகள் இறுக இறுக கார்புரேட்டரைச் சுற்றி வாக்குவம் ஹோஸ்கள் பெருகின. எண்பதுகளின் சி.வி.சி.சி. பானெட்டைத் திறந்தால் எது எங்கே போகிறது என்று மெக்கானிக்கே விழிப்பார்.

அந்த எஞ்சினை வீழ்த்தியது ஒரு சென்சார். எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அந்தந்த நொடியில் திருத்தி, கலவையைச் சரியாக 14.7-இல் பிடித்து வைத்தால், ஒரே கன்வெர்ட்டர் மூன்று எதிரிகளையும் சேர்த்தே ஒழித்துவிடும். ஆனால் கலவை லீனாக இருந்தால் அதே கன்வெர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடைத் தொட முடியாது, மிச்ச ஆக்சிஜன் குறுக்கே நிற்கும். சி.வி.சி.சி.யின் பலம் எதுவோ அதுவே புதிய உலகத்தில் இடைஞ்சலாகிவிட்டது. எண்பதுகளின் முடிவுக்குள் மூன்றாவது வால்வு போய்விட்டது.

சிவிக் போகவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பெருத்து, 2006-இல் இந்தியாவுக்கு வந்தபோது அது நம் ஊரில் வசதியானவர்களின் செடான். லீன் ஆசையும் ஹோண்டாவை விடவில்லை. 1991-இல் வந்த வீடெக்-இ எஞ்சினில் குறைந்த வேகத்தில் ஓர் உள்வால்வை ஏறக்குறைய மூடியே வைத்து, இன்னொன்றின் வழியாகக் காற்றைச் சுழலவிட்டு, முன்னறை இல்லாமலேயே 20 பங்குக்கு மேல் காற்றோடு எரித்தார்கள்.

குட்டி அறையும் திரும்பி வந்திருக்கிறது, எதிர்பாராத இடத்தில். பத்தாண்டுகளாக ஃபார்முலா ஒன் எஞ்சின்கள் முன்னறையில் பற்றவைக்கின்றன. மசராட்டி 2020-இல் அறிமுகப்படுத்திய நெட்டூனோ எஞ்சினிலும் அது இருக்கிறது. ஆனால் இப்போது துவாரங்கள் பல, எல்லாமே பொடிசு. சுடர் பல திசையில் பீய்ச்சியடித்து, கலவை முழுவதையும் இமைப்பொழுதில் எரித்து முடிக்க வேண்டும் என்பதே நோக்கம். யாகியும் சகாக்களும் எதைத் தவிர்க்கப் பாடுபட்டார்களோ, அதையே இப்போது தேடிப் போகிறார்கள்.