முகாம் தமிழர்களும் 2025 வெளிநாட்டினர் சட்டமும்

தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூர் மறுவாழ்வு முகாமில் இருந்து ஓர் அக்கா, தன் இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேலத்தில் என்னைப் பார்க்க வந்தார். 1990இல் இலங்கையில் இருந்து படகில் வந்தவர். கணவர் உள்ளூர்க்காரர், இந்தியக் குடிமகன்; விசைத்தறித் தொழிலாளி. "தம்பி, புதுச் சட்டம் வந்துவிட்டதாமே, இனி நாங்கள் ஓட்டுப் போடலாமா?" என்று கேட்டார். அவரால் முடியாது. அவர் மகளால் முடியும்.

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 மார்ச் 27 அன்று மக்களவையிலும் ஏப்ரல் 2 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. விவாதத்தில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, நாடு ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்றார். மசோதாவைக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பச் சொன்ன எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. செப்டம்பர் 1 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதைக் கேள்விப்பட்டு முகாம்களில் பலர் கலங்கினார்கள். கலங்க வேண்டியதில்லை. சட்டத்தோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் தண்டனையில் இருந்து விலக்குத் தருகிறது. ஆகவே முகாம் பதிவு ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கியவர்கள் இந்தத் தேதிக்குள் வரமாட்டார்கள். இதே ஆணை பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் தருகிறது. நம்மவர்களுக்கு மட்டும் ஏன் பத்தாண்டு முந்திய தேதி? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

விலக்கு என்பது குடியுரிமை அல்ல. குடியுரிமையைத் தீர்மானிப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டம். உரிய ஆவணமின்றி வந்தவரை அது சட்டவிரோதக் குடியேறி என்கிறது. அவர் இந்தியரை மணந்திருந்தாலும் பதிவு மூலம் குடியுரிமை பெற வழியில்லை. அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்கு வழி திறந்த 2019 திருத்தத்திலும் (சிஏஏ) இலங்கை சேர்க்கப்படவில்லை.

பிள்ளைகளின் கதை வேறு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். அந்தத் தேதியில் இருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை பிறந்தவருக்கு, தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதன் பிறகு பிறந்தவருக்கு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக்கூடாது.

அக்கா கொண்டுவந்த சான்றிதழ்களில் மகள் பிறந்த ஆண்டு 2003, மகன் பிறந்த ஆண்டு 2006. ஒரே தாய், ஒரே தகப்பன். மகளுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ அன்றே நிரப்பினோம். மகனின் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா தாரமங்கலம் பஸ் ஏறினார்.